எழும்பாத முழுக்கோதுமை ரொட்டி: ஒன்பது முயற்சிகளின் ஆய்வு

முதல் ரொட்டியின் நடுவில் அடிக்கோலை நிறுத்தி அளந்தேன். 5.5 சென்டிமீட்டர். சுட்ட டின்னின் ஆழம் 7 சென்டிமீட்டர். ஆக, ரொட்டி டின்னின் விளிம்பை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எடைக்கு மட்டும் குறைவில்லை. அதை மேசைமேல் வைத்த சத்தம் கேட்டு அக்கா அடுக்களைக்குள் வந்தாள். ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, "இதை அறுக்கக் கத்தி போதாது தம்பி, ரம்பம் இருக்கிறதா பார்" என்றாள்.

ஏழு வாரங்களில் சுட்ட ஒன்பது ரொட்டிகளின் பதிவு இது. நோக்கம் எளிமையானது: மைதா ஒரு பிடிகூடக் கலக்காமல், நூற்றுக்கு நூறு முழுக்கோதுமை மாவில், துண்டு போட்டால் உதிராத, மெல்லும்போது தாடை வலிக்காத ஒரு டின் ரொட்டி. முதல் மூன்று முயற்சிகளில் மனம்போன போக்கில் எதையாவது மாற்றிக்கொண்டிருந்தேன். நான்காவதிலிருந்துதான் குறிப்பேடு, தராசு, வெப்பமானி என்று ஓர் ஒழுங்குக்கு வந்தேன். குறிப்பேட்டைத் திருப்பிப் படிக்கும்போது ஒன்று தெரிகிறது. ரொட்டியில் தெரிந்த கோளாறு ஒன்றுதான், அது எழும்பவில்லை. அதற்குப் பின்னால் இருந்த காரணங்களோ ஐந்து. அவை ஒன்றின் முதுகுக்குப் பின் ஒன்று ஒளிந்துகொண்டிருந்தன. ஒன்றைச் சரிசெய்ததும் அடுத்தது வெளியே வந்தது. ஒவ்வொரு முறையும் நான் குற்றம் சாட்டியது மாவைத்தான்.

முதல் மூன்று

கையில் இருந்த செய்முறை மைதா ரொட்டிக்கானது. 4 கப் மாவு, 1¼ கப் தண்ணீர், 7 கிராம் உடனடி ஈஸ்ட், 2 தேக்கரண்டி உப்பு, 2 மேசைக்கரண்டி எண்ணெய். கடைசியில் ஒரு வரி: "விரும்பினால் முழுக்கோதுமை மாவும் பயன்படுத்தலாம்." அந்த ஒரு வரியை நம்பித்தான் இறங்கினேன். இன்று அதை எழுதியவர் முழுக்கோதுமையில் ஒரு முறையேனும் சுட்டுப் பார்த்திருப்பாரா என்று ஐயப்படுகிறேன்.

முதல் ரொட்டி செங்கல்லானதும் ஈஸ்ட் செத்துப்போயிருக்கும் என்று முடிவு கட்டினேன். எழும்பாத ரொட்டிக்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் அதுதான். இரண்டாவது ரொட்டிக்கு ஈஸ்டை இரட்டிப்பாக்கி 14 கிராம் போட்டேன். மாவு அரை மணி நேரத்தில் பொங்கி வந்தது. டின்னில் விளிம்பைத் தாண்டிக் குவிமாடம்போல் நின்றது. பெருமையோடு ஓவனில் வைத்தேன். பத்தாவது நிமிடம் கண்ணாடி வழியே பார்த்தால் குவிமாடம் பள்ளமாகியிருந்தது. ஓரங்களில் 6.5 சென்டிமீட்டர், நடுவில் ஐந்தும் இல்லை. வாயில் வைத்தால் பழைய மதுவின் நெடி.

அதிலிருந்து நான் கற்றிருக்க வேண்டியது: ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, வேலையும் செய்கிறது, அது உண்டாக்கும் வாயுவைத் தாங்கத்தான் மாவுக்கு வலுவில்லை. நான் கற்றுக்கொண்டது: பிசைந்தது போதவில்லை. மூன்றாவது முறை ஈஸ்டை மீண்டும் 7 கிராமாக்கி, 25 நிமிடம் கைவிடாமல் பிசைந்தேன். பிசையப் பிசைய மாவு இறுகியதே தவிர இழையவில்லை. தோள் வலித்தது. ரொட்டி 6 சென்டிமீட்டர்.

மைதாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியது

இந்த இடத்தில் தராசு ஒன்று வாங்கினேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான செலவு அது. வழக்கம்போல் மாவை டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளி, மேலே தட்டி, நிறுத்துப் பார்த்தேன். ஒரு கப் 140 கிராம். செய்முறைகள் பெரும்பாலும் கணக்கில் கொள்ளும் கப் 120 கிராம். நான்கு கப்புக்கு 480 கிராம் என்று செய்முறை நினைக்க, நான் 560 கிராம் போட்டிருக்கிறேன். தண்ணீர் இரண்டுக்கும் அதே 300 மி.லி.

ரொட்டி சுடுகிறவர்கள் எல்லா அளவையும் மாவின் எடைக்குச் சதவீதமாகவே சொல்வார்கள். மாவு எப்போதும் 100. செய்முறை நினைத்த தண்ணீர் 62.5 சதவீதம். என் கையில் அது 54 சதவீதத்துக்கும் கீழே. போதாக்குறைக்கு, பிசையும்போது பலகையில் ஒட்டுகிறது என்று அவ்வப்போது தூவிய மாவு வேறு. அதற்குக் கணக்கே இல்லை.

ஆனாலும் இதுதான் முழுக் காரணமா என்பது தெரியவேண்டும். ஈஸ்ட், ஓவன், என் கை ஆகிய மூன்றில் எதுவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதல்ல. அதனால் நான்காவது ரொட்டியை வேண்டுமென்றே மைதாவில் செய்தேன். 500 கிராம் மாவு, 320 கிராம் தண்ணீர், அதே ஈஸ்ட், அதே டின், அதே ஓவன். 11 சென்டிமீட்டர் எழும்பி, பஞ்சுபோல் வந்தது. மேல்தோல் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது. பதமாக வெந்ததற்கு அடையாளம் என்று அதையும் பாராட்டிக்கொண்டேன்.

ஈஸ்ட் நிரபராதி. கை நிரபராதி. ஓவனும் நிரபராதி என்று எழுதி அடிக்கோடிட்டேன். மூன்றில் ஒரு தீர்ப்பு தவறு. அது பின்னால் வரும்.

தவிடு என்ன செய்கிறது

மைதாவில் வந்தது முழுக்கோதுமையில் வரவில்லை என்றால், வித்தியாசம் மாவில் சேர்ந்திருக்கும் பொருள்களில் இருக்க வேண்டும். கோதுமை மணியின் எடையில் ஏறத்தாழ 83 சதவீதம் மாவுச்சத்து நிறைந்த வெண்பகுதி. 14 சதவீதத்தை ஒட்டித் தவிடு. மிச்சம், 3 சதவீதத்துக்குள், முளைக்கரு. மைதா என்பது அந்த வெண்பகுதி மட்டும். முழுக்கோதுமையில் மூன்றும் உண்டு.

ரொட்டியை எழுப்புவது குளூட்டன். கோதுமையில் உள்ள கிளியாடின், குளூட்டனின் என்ற இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னி, இழுபடவும் மீளவும் தெரிந்த ஒரு வலையாகின்றன. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடும் கரியமில வாயு அந்த வலைக்குள் சிக்கிக்கொள்வதால்தான் மாவு உப்புகிறது. முழுக்கோதுமை மாவுப் பையில் புரதம் 13 சதவீதம் என்று அச்சிட்டிருந்தால், மைதாவைவிட அதிகம்தானே என்று மகிழ வேண்டியதில்லை. அதில் தவிட்டிலும் முளைக்கருவிலும் இருக்கும் புரதம் இந்த வலையைப் பின்னுவதில்லை. எண்ணிக்கையில் இருக்கிறது, வேலைக்கு வருவதில்லை.

தவிடு வெறுமனே வேலை செய்யாமல் இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது குறுக்கே நிற்கிறது. தவிட்டுத் துகள்கள் வலையின் இழைகளுக்கு நடுவே புகுந்து, இழை சேராமல் தடுக்கின்றன. உலர்ந்த துகளின் விளிம்பு கரடுமுரடானது. இழுபடும் இழையில் அது பட்ட இடத்தில் கிழிசல், கிழிசல் வழியே வாயு. அத்தோடு தவிடு தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் மெதுவாகக் குடிக்கும். வெண்பகுதி சில நிமிடங்களில் நனைந்துவிடுகிறது. தவிடோ அரை மணி நேரம் கழித்தும் குடித்துக்கொண்டே இருக்கிறது. நாம் பிசைந்து முடித்து, பதம் சரி என்று கையைக் கழுவிய பிறகு, மாவுக்குள் இருக்கும் தண்ணீரைத் தவிடு தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. மூன்றாவது ரொட்டியில் பிசையப் பிசைய மாவு இறுகியதன் மர்மம் இதுதான். 25 நிமிடமும் நான் வலை பின்னிக்கொண்டிருக்கவில்லை. நனையாத தவிட்டை இழைகளுக்குள் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

இதைப் படித்தறிந்தது போதாதென்று மூன்று கிண்ணங்களில் சோதித்தேன். ஒவ்வொன்றிலும் 100 கிராம் மாவு. தண்ணீர் 60, 70, 80 கிராம். கலந்தவுடன் தொட்டுப் பார்த்தால் 60 கிராம் கிண்ணம்தான் "சரியான பதம்" என்று கை சொன்னது. 80 கிராம் கிண்ணம் சேறு, விரலிடுக்கில் எல்லாம் ஒட்டியது. மூடிவைத்துவிட்டு 45 நிமிடம் கழித்து வந்தேன். 60 கிராம் மாவை இழுத்தால் பட்டென்று அறுந்தது. 70 கிராம் மாவு பரவாயில்லை. 80 கிராம் மாவு தொட்டால் ஒட்டாமல், இழுத்தால் நான்கு விரற்கடை நீண்டு வந்தது. அதை யாரும் பிசையவே இல்லை என்பதுதான் வேடிக்கை. தண்ணீரும் நேரமும் கிடைத்தால் புரதம் பாதி வேலையைத் தானே முடித்துக்கொள்கிறது.

மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து ஊறவிட்டு, பிறகு உப்பும் ஈஸ்டும் சேர்க்கும் இந்த முறைக்கு ஆட்டோலிஸ் என்று பெயர். 1970களில் இதை முறைப்படுத்தியவர் பிரெஞ்சு ரொட்டி ஆசிரியர் ரேமோன் கால்வெல். மைதாவுக்கு அது ஒரு மெருகு, விட்டாலும் ரொட்டி வரும். முழுக்கோதுமைக்கு அதை விருப்பத் தேர்வாக எழுதும் செய்முறைகளை நான் இப்போது நம்புவதில்லை.

ஐந்தாவது ரொட்டியும் வெளிறிய தோலும்

500 கிராம் முழுக்கோதுமை, 400 கிராம் தண்ணீர். 45 நிமிட ஊறல். பிறகு 10 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட், 20 கிராம் எண்ணெய், 20 கிராம் தேன். எட்டு நிமிடம்தான் பிசைந்தேன். மாவு தூவுவதற்குப் பதில் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டேன். ஒரு சிறு உருண்டையை விரல்களுக்கிடையே விரித்துப் பார்த்தால், மைதாவில் வருவதுபோல் கண்ணாடித் தாளாக வரவில்லை என்றாலும், கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு விரிந்தது. தவிட்டுப் புள்ளிகள் நிறைந்த மாவு அதற்குமேல் விரியாது, விரியவும் வேண்டியதில்லை.

எல்லாச் செய்முறையும் சொல்வதுபோல் மாவு இரண்டு மடங்காகும்வரை காத்திருந்தேன். 90 நிமிடம். பிறகு வடிவம் கொடுத்து டின்னில் இட்டு, விளிம்பைத் தாண்டி 2 சென்டிமீட்டர் எழும்பியதும் சுட்டேன். இந்த முறை பள்ளம் விழவில்லை. ஆனால் உச்சி தட்டையாகி, தோல் சுருங்கியது. 7.5 சென்டிமீட்டர். ஆறியபின் அறுத்தால் கத்தியில் பசைபோல் ஒட்டியது. அடிப்பாகத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு ஈரமான, அடர்ந்த பட்டை.

முதல் நான்கு ரொட்டிகளில் இல்லாத பசை இப்போது ஏன்? மாவு வேகவில்லை என்பது தெளிவு. 40 நிமிடம் சுட்ட பிறகும் வேகாமல் இருக்க வேண்டுமென்றால் ஓவனைத்தான் கேட்க வேண்டும். ஓவனுக்குள் தனி வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டேன். குமிழ் 190 டிகிரி செல்சியஸ் என்றது. வெப்பமானி 165 என்றது. அரை மணி நேரம் காத்திருந்தும் அது 165-ஐ விட்டு நகரவில்லை. அடுத்த நாள், மறு நாள், அதே 25 டிகிரிப் பொய்.

நான்காவது ரொட்டியின் வெளிறிய தோல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மேல்தோலைச் சிவக்கவைக்கும் வினைகள் தோலின் வெப்பம் 140 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் வேகம் பிடிக்கும். ஓவன் குறைந்தால் தோல் வெளிறும். அந்த ரொட்டி எனக்குச் சாட்சி சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் அதைப் புகழுரை என்று எடுத்துக்கொண்டேன். மைதா ரொட்டி 64 சதவீதத் தண்ணீரோடு, காற்றோட்டமாக இருந்ததால், குறைந்த சூட்டிலும் ஒருவழியாக வெந்துவிட்டது. முதல் மூன்று ரொட்டிகளில் வேகாமல் பசையாவதற்குத் தண்ணீரே இல்லை. 80 சதவீதத் தண்ணீரோடு ஒரு ரொட்டி உள்ளே போன பிறகே ஓவனின் குட்டு வெளிப்பட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விஷயத்தில் ஆடவும் தெரியவில்லை, கூடமும் உண்மையாகவே கோணல்.

இனி நேரத்தைப் பார்த்து ரொட்டியை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஊசி வெப்பமானியை ரொட்டியின் பக்கவாட்டில் நடுவரைக்கும் குத்திப் பார்ப்பது, 94 முதல் 96 டிகிரி வந்தால் எடுப்பது. அடியில் தட்டினால் டம் என்று ஒலிக்க வேண்டும் என்பார்கள். ஐந்தாவது ரொட்டியும் அழகாகத்தான் ஒலித்தது. அதே நிலையில் இன்னொரு முறை சுட்டு நடுவில் குத்திப் பார்த்திருந்தால் எவ்வளவு இருந்திருக்கும் என்ற ஆர்வம் இருக்கிறது, ஆனால் அதற்காக ஒரு ரொட்டியைப் பலி கொடுக்க மனம் வரவில்லை.

இரண்டு மடங்கு என்ற வாய்ப்பாடு

தட்டையான உச்சிக்கு ஓவனைக் குற்றம் சொல்ல முடியாது. அது அளவுக்கு மீறி உப்பவிட்டதன் அடையாளம். சூடு பட்டதும் வாயு விரிவடைந்து, ஈஸ்டும் இறப்பதற்கு முன் கடைசியாக ஒரு முறை வேகம் காட்டி, முதல் பத்து நிமிடத்தில் ரொட்டி ஒரு எம்பு எம்ப வேண்டும். உள்வெப்பம் 60 டிகிரியை நெருங்கும்போது ஈஸ்ட் ஓய்ந்துவிடுகிறது, மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சிக் கூழாகத் தொடங்குகிறது, அதற்கு மேலே புரதமும் உறைந்து உருவம் நிலைத்துவிடுகிறது. அந்த எம்பலுக்கான தெம்பை வலையில் மிச்சம் வைத்துத்தான் ரொட்டியை ஓவனுக்கு அனுப்ப வேண்டும். மைதா வலை இரண்டு மடங்கு விரிந்த பிறகும் மிச்சம் வைத்திருக்கும். ஏற்கெனவே தவிட்டால் ஓட்டை விழுந்த வலைக்கு அது கடைசி எல்லை.

ஆறாவது ரொட்டிக்கு, நேரான சுவருள்ள கண்ணாடிக் குவளையில் 40 கிராம் மாவை அழுத்தி, மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் போட்டேன். அகன்ற பாத்திரத்தில் மாவு எத்தனை மடங்காயிற்று என்று கண்ணால் மதிப்பிடுவது வீண் வேலை. மாவு மேலே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பரவும். குவளையில் அப்படி ஏமாற்ற முடியாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சிறிய அளவு மாவு அறையின் சூட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும் என்பதால், குவளையைப் பெரிய மாவுக்கு ஒட்டியே வைக்க வேண்டும்.

ஒன்றரை மடங்கானதும் நிறுத்தினேன். அறை 27 டிகிரி, நேரம் 65 நிமிடம். டின்னில் 45 நிமிடம். விரல் நுனியால் மெல்ல அழுத்தினால் பள்ளம் மெதுவாக எழும்பி, முழுதாக நிரம்பாமல் லேசான தடம் விட்டது. உடனே துள்ளி எழுந்தால் இன்னும் நேரம் வேண்டும், எழவே இல்லையென்றால் காலம் கடந்துவிட்டது. குமிழை 215-இல் வைத்து உண்மையான 190-ஐப் பெற்று, 42 நிமிடத்தில் உள்வெப்பம் 95.

8.5 சென்டிமீட்டர். உச்சி வளைந்திருந்தது. தோல் சிவந்திருந்தது. வாசனையில் வீட்டில் யாருக்கும் பொறுமை இல்லை, எனக்கும்தான். இருபதாவது நிமிடமே அறுத்தேன். கத்தியில் மறுபடியும் பசை.

ஒரு கணம் எல்லாம் வீண் என்று தோன்றியது. ஆனால் இது அந்தப் பசை அல்ல. முன்னது அடியில் பட்டையாக, ஆறிய பிறகும் இருந்தது. இது கத்தி போன வழியில் மட்டும் இருந்தது, வெட்டாத மறுபாதியை மாலையில் அறுத்தபோது காணவில்லை. ஓவனிலிருந்து எடுத்த பிறகும் உள்ளிருக்கும் ஈரம் நகர்ந்து சமனாகவும், கூழான மாவுச்சத்து ஆறி இறுகவும் நேரம் எடுக்கும். அதற்குள் அறுத்தால் வெந்த ரொட்டியும் வேகாததுபோல் காட்சி தரும். ஏழாவது ரொட்டியை அதே அளவுகளில் செய்து, கம்பித் தட்டில் மூன்று மணி நேரம் விட்டுவைத்தேன். துண்டுகள் சுத்தமாக வந்தன. முழுக்கோதுமை ரொட்டி சுட்டவர்களில் பாதிப்பேர் வேகவில்லை என்று புலம்புவது உண்மையில் ஆறவில்லை என்பதுதான் என்று எனக்கு ஒரு எண்ணம்.

கசப்பு

இதுவரை சுவையைப் பற்றிச் சொல்லவில்லை, சொல்லும்படி இல்லாததால். எல்லா முழுக்கோதுமை ரொட்டிகளிலும் நாக்கின் பின்பக்கம் தங்கும் ஒரு கசப்பு இருந்தது. தவிட்டுக்கே உரிய இலேசான துவர்ப்பு உண்டு, அது தேனில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. மாவு டப்பாவைத் திறந்து மூக்கை விட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது: காறிப்போன எண்ணெயின் வாடை.

முளைக்கருவில் எண்ணெய் இருக்கிறது. மணியை அரைத்த கணமே அந்த எண்ணெய் காற்றையும், தவிட்டில் உள்ள நொதிகளையும் சந்திக்கிறது. மைதா மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது முளைக்கருவை நீக்கிவிடுவதால்தான். என் மாவோ அரைத்து நான்கு மாதமானது, திறந்து ஆறு வாரம், வைத்திருந்த இடம் அடுப்புக்கு மேலே உள்ள அலமாரி. அந்த மாவைக் கொட்டிவிட்டு, அண்மையில் அரைத்ததை வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தேன். சுடுவதற்கு முன்னிரவே தேவையான அளவை வெளியே எடுத்துவைத்தால் போதும்.

எட்டாவது: தெரிந்தே விழுந்த குழி

புது மாவில் செய்த எட்டாவது ரொட்டியில் கசப்பு போய், கொட்டைப் பருப்பு போன்ற இனிமை வந்தது. உச்சியோ மீண்டும் தட்டை. 7.5.

குறிப்பேட்டைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. வெயில் ஏறிய நாள். அறை 32 டிகிரி, பிசைந்த மாவு 31 டிகிரி. குவளையும் இருந்தது, ரப்பர் வளையமும் இருந்தது. ஆனால் சென்ற இரண்டு முறையும் 65 நிமிடம் சரியாக வந்ததால், கைபேசியில் 65 நிமிடம் மணி வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது குவளையில் மாவு இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது. ஐந்து டிகிரி கூடினால் ஈஸ்ட் எவ்வளவு விரைவாகும் என்பது தெரியாமல் இல்லை. செய்முறை சொன்ன நேரத்தை நம்பாதே என்று எனக்கே எழுதிவைத்துவிட்டு, என் செய்முறையின் நேரத்தை நம்பியிருக்கிறேன்.

ஒன்பதாவதுக்கு நேரத்தைத் துரத்துவதைவிட வெப்பத்தைப் பிடித்து நிறுத்துவது மேல் என்று தோன்றியது. பிசைந்து முடித்த மாவு 26 டிகிரியில் இருக்க வேண்டும். ரொட்டிக் கூடங்களில் போடும் கணக்கு இது: வேண்டிய வெப்பத்தை மூன்றால் பெருக்கு, அதிலிருந்து அறையின் வெப்பம், மாவின் வெப்பம், பிசையும்போது உராய்வால் ஏறும் சூடு மூன்றையும் கழி, மிச்சம்தான் தண்ணீரின் வெப்பம். 26 பெருக்கல் 3, 78. அறை 32, மாவு 31, கையால் பிசைவதற்கு 2. மிச்சம் 13. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீரோடு சிறிது சாதாரணத் தண்ணீர் கலந்து 13-க்குக் கொண்டுவந்தேன். இது இயற்பியல் துல்லியம் உள்ள சூத்திரம் அல்ல, அனுபவக் கணக்கு. இயந்திரத்தில் பிசைந்தால் உராய்வின் எண்ணை அவரவர் இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். கலந்தவுடன் மாவு சில்லென்று இருந்தது, 45 நிமிட ஊறலில் கொஞ்சம் சூடேறி, பிசைந்து முடித்தபோது 26.5.

ஊறலைப் பற்றி இங்கே ஒரு எச்சரிக்கை. ஊறும்போது மாவில் உள்ள நொதிகளும் சும்மா இருப்பதில்லை. புரதத்தை மெல்ல வெட்டி மாவை இளக்கும் நொதி அதில் உண்டு. அந்த இளக்கம் ஓரளவுக்கு நல்லது, மாவு நீள வரும். முழுக்கோதுமையில் நொதிகளின் வேகம் அதிகம் என்பதால், வெயில் நாளில் அறையிலேயே மூன்று நான்கு மணி நேரம் ஊறவிட்டால் மாவு சொதசொதவென்று உருவம் நிற்காமல் போய்விடும். நீண்ட நேரம் ஊற வேண்டுமென்றால் குளிரில்தான்.

ஒன்பதாவது ரொட்டியின் அளவுகள் ஐந்தாவதின் அதே அளவுகள்தான். ஒரு கிராம்கூட மாறவில்லை. குவளையில் ஒன்றரை மடங்கைக் கண்டதும் மாவைப் பலகையில் கவிழ்த்து, பெரிய குமிழ்களை மட்டும் உள்ளங்கையால் தட்டி வெளியேற்றி, பாய் சுருட்டுவதுபோல் இறுக்கிச் சுருட்டி, இணைப்பு அடியில் வரும்படி டின்னில் வைத்தேன். உள்ளே 95 டிகிரி வந்ததும் எடுத்து, டின்னிலிருந்து உடனே விடுவித்தேன். டின்னிலேயே விட்டால் ஆவி வெளியேற வழியின்றி அடித்தோல் நனைந்துவிடும்.

9.5 சென்டிமீட்டர். மைதாவின் 11-ஐ இது எட்டாது, எட்ட வேண்டும் என்று இப்போது நான் கேட்பதும் இல்லை. ஒவ்வொரு துண்டிலும் சிறு சிறு கண்கள், ஒரே சீராக. மடித்தால் உடைவதில்லை. மூன்றாம் நாளும் மிருதுவாக இருந்தது. குளிர்பதனப் பெட்டியில் வைத்த நான்கு துண்டுகள் மட்டும் மறுநாளே விறைத்துவிட்டன. மாவுச்சத்து மீண்டும் இறுகுவது அந்தக் குளிரில்தான் மிக விரைவு. மூன்று நாளுக்கு மேல் வைப்பதானால் துண்டு போட்டு உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது வாட்டிக்கொள்வதே வழி.

அக்காவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மெல்லும்வரை ஒன்றும் சொல்லவில்லை. "இன்னொன்று வெட்டு" என்றாள். பிறகு ரொட்டியைத் திருப்பிப் பார்த்து, "இந்தப் பக்கம் ஏன் தம்பி கிழிந்திருக்கிறது?" என்று கேட்டாள்.

கிழிந்துதான் இருந்தது. இடப்பக்கம் டின்னின் விளிம்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்கு. ஏழாவதிலும் அதே பக்கம், அதே இடம் என்று குறிப்பேடு சொல்கிறது. சுருட்டும்போது இணைப்பு ஒரு பக்கம் விலகியிருக்கலாம். அல்லது ஓவனின் வலப்பக்கம் சூடு மிகுந்து, அந்தப் பக்கத் தோல் முன்னதாக இறுகி, எம்பல் முழுவதும் இடப்பக்கமாகப் பிதுங்கியிருக்கலாம். பத்தாவது ரொட்டியில் வேறு எதையும் மாற்றப்போவதில்லை. டின்னை மட்டும் எதிர்த் திசையில் திருப்பி வைக்கிறேன். கிழிசல் டின்னோடு திரும்புகிறதா, ஓவனின் இடப்பக்கத்திலேயே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.